பாம்பின் விஷமும் மட்டியின் பசையும்

பிரேசில் காடுகளில் ஜராரக்கா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தம் மளமளவென இறங்கும். சிலர் கடிபட்ட இடத்திலேயே மயங்கிச் சரிந்துவிடுவார்கள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் ரத்தக் கொதிப்புக்குத் தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிறார்களே, அந்த மாத்திரைகளில் ஒரு பெரிய குடும்பம் இந்தப் பாம்பின் விஷப்பையிலிருந்து கிளம்பியது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். எனலாபிரில், லிசினோபிரில், ராமிபிரில் என்று ‘பிரில்’ வாலோடு முடிந்தால் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் அந்த மாத்திரையில் விஷம் ஒரு துளிகூடக் கிடையாது. பாம்பிலிருந்து எடுத்த எதுவுமே அதில் இல்லை. அப்படியானால் பாம்பு கொடுத்தது என்ன? ஒரு துப்பு. இயற்கைப் பொருட்களிலிருந்து புதிய மருந்துகளும், உடலுக்குள் வைக்கத் தகுந்த புதிய பொருட்களும் எப்படி வருகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் துப்பு என்ற ஒரு சொல் போதும் என்று நினைக்கிறேன். பாம்பின் கதையையே கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

நம் உடலில் ஏ.சி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கும் ஒரு பொருளை அது தயாரிக்கும். கூடவே, குழாய்களைத் தளர்த்தும் பிராடிகினின் என்ற பொருளை வெட்டிப் போடும். இரண்டுமே அழுத்தத்தை ஏற்றும் வேலைகள். 1960களில் பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா, ஜராரக்கா விஷத்தில் உள்ள சில சின்னப் புரதத் துண்டுகள் பிராடிகினினின் வேகத்தைக் கூட்டுவதைக் கண்டார். அந்தச் சரக்கோடு லண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார். அந்தத் துண்டுகள் ஏ.சி.இ. நொதியைக் கட்டிப்போடுகின்றன என்பது அங்கே தெளிவாயிற்று. பாம்புக்கு இது இரையை வீழ்த்தும் வழி. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கோ இதுவே வைத்தியம்.

ஸ்குவிப் என்ற மருந்து நிறுவனம் அந்தத் துண்டுகளில் ஒன்றை எடுத்துச் சோதித்தது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. ஊசியில் ஏற்றினால் அருமையாக வேலை செய்தது. வாயால் விழுங்கினால் பயனில்லை, ஏனென்றால் வயிறு அதைச் சாப்பாட்டோடு சாப்பாடாகச் செரித்துவிடும். ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிய மருந்தைத் தினமும் ஊசியாகப் போட்டுக்கொள்ள யார் வருவார்கள்?

அங்கே வேலை பார்த்த டேவிட் குஷ்மன், மிகுவல் ஒண்டெட்டி இருவரும் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். இந்தச் சங்கிலி முழுவதுமா வேலை செய்கிறது, இல்லை அதன் ஏதோ ஒரு முனை மட்டும்தானா? சங்கிலியின் வால் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் முடிந்தது. நொதியின் நடுவே ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. அப்படியானால் ஒரு புரோலின், அதிலிருந்து நீளும் ஒரு குட்டைக் கை, கையின் நுனியில் துத்தநாகத்தைப் பிடிக்க ஏதாவது ஒன்று, இவ்வளவு போதாதா? முதலில் செய்து பார்த்தது பிடித்தது, ஆனால் பிடி தளர்வாக இருந்தது. கைநுனியில் கந்தக அணு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். பிடி ஆயிரம் மடங்குக்கு மேல் இறுகிவிட்டது. அதுதான் கேப்டோபிரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எடையில் பாம்பின் சங்கிலியில் ஐந்தில் ஒரு பங்கு. வயிற்றுக்குத் தப்பி ரத்தத்தில் போய்ச் சேரும். அந்தக் கந்தகம் சிலருக்கு நாக்கில் சுவை மாற்றத்தையும் தோலில் தடிப்பையும் கொண்டுவந்தது என்பதால், அடுத்து வந்த எனலாபிரிலில் அதையும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தினார்கள்.

இந்த மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். வெட்டுப்படாமல் தேங்கும் பிராடிகினின்தான் காரணம் என்று கருதப்படுகிறது. விஷத்தின் வேலையைக் கடன் வாங்கினால் அதன் வம்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்போலிருக்கிறது.

செடிக்கு இதில் என்ன ஆதாயம்?

இயற்கைப் பொருள் என்று வேதியியலில் சொன்னால் இலை, வேர், மூலிகை என்று பொருளல்ல. ஓர் உயிரினம் தன் உடலில் தயாரிக்கும் மூலக்கூறு என்று பொருள். அதிலும் குறிப்பாக, உயிரோடிருக்க அன்றாடம் வேண்டிய சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றைத் தாண்டி, கூடுதலாகத் தயாரிக்கும் சரக்கு. செடி, பூஞ்சை, மண்ணில் வாழும் பாக்டீரியா, கடற்பஞ்சு, நத்தை, தவளை எல்லாமே இதைச் செய்கின்றன.

ஏன் இந்த மெனக்கெடல்? ஓடித் தப்பிக்க முடியாத உயிருக்கு வேதியியல்தான் ஆயுதம். பூச்சி கடித்தால் செடி எழுந்து ஓடாது. கசப்பையோ நஞ்சையோ இலையில் நிரப்பி வைக்கும். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இடத்துக்கும் இரைக்கும் அடித்துக்கொள்கின்றன. பென்சிலின் அப்படியொரு சண்டையில் பூஞ்சை எறிந்த கல். 1928இல் அது அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் கண்ணாடித் தட்டில் தற்செயலாக வந்து விழுந்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பூச்சியை விரட்டச் செய்த பொருள் மனிதனின் நோயில் ஏன் வேலை செய்ய வேண்டும்? புற்றுநோய் மருந்து ஒன்றைத் தரும் யூ மரத்துக்குப் புற்றுநோயைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்கள் பூஞ்சையிலும் பூச்சியிலும் மனிதரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புரதத்தால் ஆனவை. உயிர்களெல்லாம் ஒரே பழைய பட்டறையின் உதிரிபாகங்களால் கட்டப்பட்டவை என்பதால், ஒன்றின் பூட்டுக்குச் செய்த சாவி இன்னொன்றின் பூட்டிலும் நுழைந்துவிடுகிறது. எந்தப் புரதத்திலும் ஒட்டாத மூலக்கூறைச் செய்து செய்து வீணடித்த உயிர் நெடுநாள் தாங்காது. ஆகவே இன்று நம் கைக்குக் கிடைப்பவை பல லட்சம் ஆண்டுகளாக எதிலோ ஒன்றில் போய் ஒட்டிக் காட்டி மிஞ்சியவை. ஆய்வகத்தில் கண்ணை மூடிக்கொண்டு அணுக்களைக் கோத்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ நல்ல தொடக்கம்.

சாவி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்ற விஷப்பல்லி இருக்கிறது. நம் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோன் இன்சுலினைத் தூண்டும். ஆனால் ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் அழிந்துபோகும். அதே பூட்டில் நுழையக்கூடிய, ஆனால் மணிக்கணக்கில் தாங்கும் ஒரு சாவி இந்தப் பல்லியின் விஷத்தில் இருந்ததை 1992இல் ஜான் எங் என்ற மருத்துவர் அறிவித்தார். அது 2005இல் எக்செனடைடு என்ற நீரிழிவு ஊசியாக வந்தது. இந்தப் பூட்டையே குறிவைக்கும் ஊசிகள்தான் இன்று நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் எங்கு பார்த்தாலும் பேசப்படுகின்றன.

சாற்றிலிருந்து மூலக்கூறுக்கு

துப்பு கிடைக்கிறது, சரி. அதைத் துலக்குவது எப்படி? செடியையோ கடற்பஞ்சையோ ஏதாவது ஒரு திரவத்தில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். சாற்றில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்து கிடக்கும். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் நோய்க்கிருமி மீதோ புற்றுநோய்ச் செல் மீதோ போட்டுப் பார்ப்பார்கள். வேலை செய்த பகுதியை எடுத்து மறுபடி பிரிப்பார்கள், மறுபடி சோதிப்பார்கள். கடைசியில் கையில் ஒரே ஒரு மூலக்கூறு மிஞ்சும்போதுதான் அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வேலை தொடங்கும்.

சொல்லும்போது சமையல் குறிப்பு மாதிரி எளிதாக இருக்கிறது. நிஜத்தில் முதல் படியிலேயே கவிழலாம். சீனாவில் 1967இல் தொடங்கிய மலேரியா ஆய்வுத் திட்டத்தில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு, பழைய மருத்துவ ஏடுகளிலிருந்து 2000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. அவற்றில் ஒரு செடி ஆர்ட்டெமிசியா அன்னுவா, நம் மாசிப்பத்திரியின் உறவு. அதன் சாறு ஒருநாள் வேலை செய்தது, மறுநாள் செய்யவில்லை. குழம்பிய து யூயூ, சுமார் 1600 ஆண்டுகளுக்கு முந்தைய கே ஹோங் என்பவரின் குறிப்பைத் திரும்பப் படித்தார். ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கவும் என்றிருந்தது. காய்ச்சச் சொல்லி அதில் ஒரு வார்த்தையும் இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாறெடுத்தார். 1971இல் அப்படித் தயாரித்த 191ஆம் எண் மாதிரி எலிகளிலும் குரங்குகளிலும் மலேரியாக் கிருமியை முழுவதுமாகத் துடைத்தெடுத்தது. உள்ளே இருந்த ஆர்ட்டெமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்த ஒரு பாலம் இருக்கிறது. மலேரியாக் கிருமி நம் ரத்தத்தின் சிவப்புப் பொருளைத் தின்னும்போது வெளிப்படும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் கிருமியையே தாக்குகின்றன. 2015இல் து யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழைய ஏடு பயன்பட்டது உண்மை. அதே ஏடுகளிலிருந்து எடுத்த மற்ற நூற்றுக்கணக்கான குறிப்புகள் சோதனையில் தேறவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

மூலக்கூறு கிடைத்த பிறகு வரும் தலைவலி வேறு: போதுமான அளவுக்கு எங்கே போவது? பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் அமெரிக்காவில் சேகரித்தார்கள். அதிலிருந்த டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தின் வடிவத்தை மன்சுக் வானியும் மன்றோ வாலும் 1971இல் வெளியிட்டார்கள். அது செல்லின் நுண்குழாய்களைக் கலையவிடாமல் உறையவைத்து, செல் பிரிவதையே நிறுத்துகிறது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். எல்லாம் சரி, ஆனால் மெதுவாக வளரும் ஒரு மரத்தின் பட்டை முழுவதையும் உரித்தால் கிடைப்பது மிகச் சொற்பம். உரித்த மரம் பட்டுப்போகும். சினைப்பைப் புற்றுநோய்க்கு 1992இல் அனுமதி வந்தபோது, மருந்தா மரமா என்ற சண்டையே நடந்துகொண்டிருந்தது. தீர்வும் இன்னொரு யூ மரத்திலிருந்துதான் வந்தது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் டாக்சாலின் உடற்பகுதி ஏற்கெனவே தயாராக இருந்தது, வால்தான் இல்லை. இலையைக் கொய்தால் மரம் மறுபடி துளிர்க்கும். உடலை மரத்திடமிருந்து வாங்கி, வாலை ஆய்வகத்தில் தைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இயற்கையானது என்றால் தீங்கில்லாதது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இவ்வளவு நேரம் நாம் பார்த்தவை எல்லாமே யாரையோ கொல்லவோ முடக்கவோ விரட்டவோ செய்யப்பட்ட பொருட்கள். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியவென்று கொடுத்த மூலிகைக் கலவையில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டதால் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆடுதின்னாப்பாளை அந்த இனம்தான். ஆடு சும்மா ஒதுக்கவில்லை. செடியை அப்படியே அரைத்துக் குடிப்பதற்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் அளவிலும் தூய்மையிலும் இருக்கிறது. ஒரே செடி மழைக்காலத்தில் ஒரு அளவும் கோடையில் வேறு அளவும் சுரக்கும். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனைதான் இருக்கும்.

ஒட்டுகிற கை

இதுவரை மூலக்கூறு. இனிப் பொருள். உடைந்த எலும்பின் இடைவெளியை நிரப்புவது, காயத்தின் மேல் போடுவது, தையல் நூலாவது, உடலுக்குள் வைத்தால் உடல் முரண்டு பிடிக்காமல் ஏற்பது போன்றவற்றை உயிரிப்பொருட்கள் என்கிறார்கள். இங்கும் கேள்வி மாறவில்லை: எந்தப் பகுதி வேலை செய்கிறது?

கடலோரப் பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் மட்டியைப் பாருங்கள். கல்லுமேக்காய் என்றும் சொல்வார்கள். அலை நாளெல்லாம் அறைகிறது, அது அசைவதில்லை. ஈரமான இடத்தில் பசை தடவிப் பார்த்த எவருக்கும் இதன் அருமை தெரியும். பாறையின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலமும் உப்பும் உட்கார்ந்திருக்கும். பசை பாறையைத் தொடுவதற்கு முன்பே தண்ணீரைத் தொட்டுவிடும்.

மட்டி ஓட்டுக்குள்ளிருந்து நாக்குப் போன்ற ஒரு பாதத்தை நீட்டுகிறது. அதைப் பாறையில் அழுத்தி வைக்கிறது. பாதத்தின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளமே அச்சு. புரதக் குழம்பு அதில் இறங்கி, சில நிமிடங்களில் ஒரு நூலாகவும் நுனியில் ஒரு சின்ன வட்டத் தகடாகவும் இறுகுகிறது. பாதத்தை எடுத்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு நூல். இப்படி டஜன் கணக்கில் நங்கூரம்.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் வெயிட் பல பத்தாண்டுகளாக இந்தத் தகட்டையே ஆராய்ந்தார். அதன் புரதங்களில் டோபா என்ற ஓர் அமினோ அமிலம் ஏராளமாக இருந்தது. சில புரதங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதுவேதான். டோபாவின் நுனியில் ஒரு வளையம், அதில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் கைகள். இந்த இரட்டைக் கை உலோகத்தையும் கல்லையும் பற்றிக்கொள்ளும். பல சமயம் பக்கத்திலேயே லைசின் என்ற நேர்மின் கொண்ட அமினோ அமிலமும் நிற்கிறது. பாறையில் ஒட்டியிருக்கும் உப்பு அயனிகளை அது தள்ளிவிட்டு டோபாவுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. கூட்டத்தில் முன்னால் போய் வழி விலக்குபவனைப் போல.

மட்டிகளைப் பிடித்து இந்தப் பசையை எடுத்தால் ஒரு கிராமுக்கே ஆயிரக்கணக்கில் வேண்டும். மறுபடியும் யூ மரத்தின் தலைவலி. 2007இல் பிலிப் மெசர்ஸ்மித்தின் குழு வெளியிட்ட வழி மிக எளிமையானது. புரதமே வேண்டாம். இரட்டைக் கையும், லைசினைப் போல ஒரு அமீன் முனையும் சேர்ந்தே உள்ள சின்ன மூலக்கூறு ஒன்று கடையில் கிடைக்கிறது: டோபமைன். அதைச் சற்றே காரத்தன்மையுள்ள தண்ணீரில் கரைத்து, எந்தப் பொருளையும் அதில் அமிழ்த்தி வைத்தால் போதும். நீர் மெல்லப் பழுப்பாகிக் கறுக்கும். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதும் இதற்கு நெருங்கிய வேதியியல்தான். ஒரு நாளில் பொருளின் மேல் 50 நானோமீட்டர் வரை ஒரு படலம் படிந்துவிடும். எதுவும் ஒட்டக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட டெஃப்லான் மீதும் படியும். அந்தப் படலத்தின் மேல் வேறு எதையும் ஒட்டவைக்கலாம்.

டோபா என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் எல்-டோபா இதே மூலக்கூறுதான். 1913இல் அவரை இனத்தைச் சேர்ந்த ஃபாவா பீன்ஸிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பூனைக்காலி விதையிலும் நிறைய இருக்கிறது. மூளையில் குறைந்துபோகும் டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. டோபாவாகக் கொடுத்தால் நுழைந்து, உள்ளே போய் டோபமைனாக மாறும். பாறையில் நங்கூரம், மூளைக்குள் மருந்து, மூலக்கூறு ஒன்று. இயற்கைக்கு மருந்து வேறு பசை வேறு என்ற பிரிவெல்லாம் இல்லை. அது நம் கல்லூரித் துறைகளின் பிரிவு.

மற்ற பொருட்களில் சில தம் வேதியியலால் அல்ல, வடிவத்தால் துப்புக் கொடுக்கின்றன. பவளத்தின் எலும்புக்கூடு ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகளால் ஆனது; நம் எலும்பின் உட்புறமும் அப்படித்தான். பவளத்தை ஃபாஸ்பேட்டுடன் சேர்த்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைத்தால் அதன் சுண்ணாம்பு எலும்பின் கனிமமாக மாறுகிறது, துளைகள் அப்படியே நிற்கின்றன. எலும்புக் குறைபாட்டில் அதை வைத்தால் புதிய எலும்பு அந்தத் துளைகள் வழியே வளர்ந்து ஏறுகிறது. பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட் காயத்துக்குப் பஞ்சாகிறது: அதிலுள்ள கால்சியம் காயத்தின் நீரிலுள்ள சோடியத்தோடு இடம் மாற, உலர்ந்த பஞ்சு குழைந்த களியாகிவிடும். பட்டு நூல் நெடுங்காலமாகத் தையலுக்குப் பயன்படுகிறது. ஆனால் இழைகளைப் பிணைக்கும் செரிசின் என்ற கோந்து உடலை உறுத்துவதால், முதலில் அதைக் கழுவி நீக்கிவிட வேண்டும்.

துப்பு கையில் இருந்தும் துலக்க முடியாமல் திணறுவதும் உண்டு. சிலந்தி இழையின் உறுதி எல்லோருக்கும் தெரியும். பட்டுப்புழுவைப் போலச் சிலந்தியைக் கூட்டமாக வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே சிலந்தியின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து அந்தப் புரதத்தைச் செய்தார்கள். புரதம் வந்தது, சிலந்தியின் இழை வரவில்லை. ஏனென்றால் பாதி ரகசியம் சிலந்தியின் நூற்புக் குழாயில் இருக்கிறது. புரதக் குழம்பு அதற்குள் நகரும்போது அமிலத்தன்மை ஏறுகிறது, உப்புகள் மாறுகின்றன, இழுவை கூடுகிறது. அந்தச் சின்னப் பயணத்தில்தான் மூலக்கூறுகள் வரிசைக்கு வருகின்றன. பொருளோடு சேர்த்து வழியையும் படிக்க வேண்டியிருந்தது.

மருந்திலும் இப்படி முரண்டு பிடிப்பது நித்தியகல்யாணி. நீரிழிவுக்கு நல்லது என்ற பேச்சை நம்பி, கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் 1950களில் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் கிருமித்தொற்றில் செத்தன, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. அங்கிருந்து வந்தவை வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் தவிர்க்க முடியாத மருந்து.

இதில் சுருக்கி எடுக்க எதுவும் இல்லை. மூலக்கூறு பெரியது, சிக்கலானது, ஏறக்குறைய முழுவதுமே வேண்டும். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2000 கிலோ. செடிக்குள் அது இரண்டு பாதிகளாகத் தனித்தனியே தயாராகிப் பிறகு இணைகிறது. 2022இல் ஜே கீஸ்லிங்கின் குழு, ஈஸ்ட்டின் மரபணுக்களில் 50க்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்து, அந்த இரண்டு பாதிகளையும் அதனிடம் தயாரிக்க வைத்தது. வெளியே எடுத்துக் குடுவையில் இணைத்தால் வின்பிளாஸ்டின். ஈஸ்ட் இதுவரை சுரந்து காட்டியது மிகச் சிறிய அளவுதான். இலை உலர்த்தும் வேலை இன்னும் நிற்கவில்லை.